கோணலாகப் போன தண்டவாளங்கள்



ஹாஸ்டல் மெஸ், கடைசி பெஞ்ச், அரியர் பேப்பர் பற்றியெல்லாம் இந்த மலரில் மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதியிருப்பார்கள். "நீ லண்டன்ல இருந்தவன்தானே, உருப்படியா ஏதாவது எழுதிக் குடு" என்று மலர்க் குழுவினர் கட்டளையிட்டார்கள். ஆகவே அந்த ஊர்ப் பாதாள ரயிலைப் பற்றி எழுதுகிறேன். பயணிகள் குனிந்துகூடப் பார்க்காத தண்டவாளங்களும் பாயிண்டுகளும்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் மூன்று பிரிவுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் பொறுத்தருள்க!

பணி நிமித்தமாக இரண்டரை ஆண்டுகள் அங்கே இருந்தபோது தினமும் நார்தர்ன் லைனில்தான் ஆபீஸ் போய் வந்தேன். சில வாரங்களிலேயே ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ரயில் இடது பக்கம் ஓடும். ஆனால் சில ஸ்டேஷன்களில் மட்டும் வலது பக்கத்தில் வந்து நிற்கும். சில இடங்களில் போகும் தடமும் வரும் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக, மாடிவீடு மாதிரி இருக்கும். சில பிளாட்பாரங்கள் வாழைப்பழம் போல் வளைந்திருக்கும். நம்ம சர்வே கேம்ப்பில் இப்படி ஒரு அலைன்மென்ட் போட்டுக் கொடுத்திருந்தால் புரொபசர் ஷீட்டைத் திருப்பி எறிந்திருப்பார். உலகத்துக்கே பாதாள ரயிலைக் கற்றுக்கொடுத்த ஊரில் ஏன் இப்படி? தேடிப் படித்ததில் தெரிந்தவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாலைக்கு அடியில்தான் போகணும்!

உலகின் முதல் பாதாள ரயில் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி லண்டனில், பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடியது. நீராவி எஞ்சின்தான்! சாலையை வெட்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடினார்கள். அப்போதே தண்டவாளத்தில் ஒரு விசித்திரம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் அகலப் பாதை 7 அடி கால் அங்குலம். மற்றவர்களுடையது 4 அடி 8½ அங்குலம். இருவருக்கும் பொதுவாக மூன்று தண்டவாளங்கள் போட்டார்கள். ஒவ்வொரு பாயிண்டிலும் மூன்று தண்டவாளம் பிரிய வேண்டும் என்றால் அதன் சிக்கலை நினைத்துப் பாருங்கள். அந்த அகலப் பாதை 1869-இல் எடுக்கப்பட்டது.

ஆழத்தில் குழாய் போலக் குடைந்து போட்ட முதல் மின்சார ரயில், 1890-இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே. இன்றைய நார்தர்ன் லைனின் ஒரு பகுதி. குழாயின் விட்டம் பத்தடி சொச்சம்தான். ஆழத்தில் போகிறவன் நேர்கோட்டில் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. தனியார் கட்டடத்துக்கு அடியில் குடைந்தால் அந்த உரிமைக்குக் காசு கொடுக்க வேண்டும். பொதுச் சாலைக்கு அடியில் போனால் அந்தச் செலவு இல்லை. ஆகவே மேலே சாலை வளைந்தால் கீழே ரயிலும் வளைந்தது. சாலை குறுகினால் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் வைக்க இடமில்லை. ஒன்றை மற்றதன்மேல் ஏற்றினார்கள். சென்ட்ரல் லைனில் நாட்டிங் ஹில் கேட், சான்சரி லேன், செயின்ட் பால்ஸ் ஸ்டேஷன்களில் இன்றைக்கும் இந்த மாடி அமைப்பைப் பார்க்கலாம். மண்ணுக்குள் இருக்கும் வளைவுக்குக் காரணம் மண் இல்லை, மேலே இருக்கும் தெரு!

அதே 1890 ரயில்வேயின் வடமுனையான கிங் வில்லியம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் கதை பரிதாபமானது. முதலில் கேபிளால் ரயிலை இழுப்பதாகத்தான் திட்டம். கேபிளுக்கு ஏற்றமும் வளைவும் பெரிய பொருட்டில்லை. ஆகவே தேம்ஸ் நதிக்கு அடியிலிருந்து செங்குத்தாக ஏறி, கடுமையாக வளைந்து, ஒரே ஒரு தண்டவாளத்தில் வந்து நிற்கும்படி ஸ்டேஷனை அமைத்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கேபிளைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள். சுரங்கத்தை மாற்ற முடியுமா? அந்தக் காலத்துச் சின்ன மின்சார எஞ்சின்கள் அந்த ஏற்றத்தில் திணறின. ஸ்டேஷனுக்குள் 1895-இல் இரண்டு தடமாக மாற்றிப் பார்த்தார்கள். போதவில்லை. 1900-இல் புதுச் சுரங்கம் வெட்டி, தடத்தை வேறு வழியில் திருப்பி, அந்த ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள். பத்து வயது நிறையவில்லை!

மேடு ஏறினால் மிச்சம்

1900-ஆம் ஆண்டு ஜூலையில் சென்ட்ரல் லண்டன் ரயில்வே வந்தது. எங்கிருந்து எங்கே போனாலும் 2 பென்னி டிக்கெட். இதன் ஸ்டேஷன்களை மேட்டில் அமைத்தார்கள். ஸ்டேஷனை நெருங்கும்போது 60-க்கு 1 என்ற ஏற்றம். கிளம்பும்போது 30-க்கு 1 என்ற இறக்கம்.

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான் இது. மேடு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரம் ஏறுவதற்குள், மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலின் இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறிவிடும். பிரேக்குக்கு வேலை குறைவு. கிளம்பும்போது அதே ஆற்றல் திரும்பக் கிடைக்கும். மோட்டாருக்கும் வேலை குறைவு. எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, பராமரிப்பு கிடையாது. வெறும் மண்ணை வெட்டும் விதத்திலேயே மின்சாரச் சிக்கனம்! 120 வருடங்களுக்கு மேலாகியும் அந்த மேடுகள் இன்னும் சம்பளம் வாங்காமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

நாலாவது தண்டவாளம் எதுக்கு?

எலெக்ட்ரிகல்காரர்களே, இது உங்கள் ஏரியா. லண்டன் பாதாள ரயிலில் ஒரு தடத்துக்கு நான்கு தண்டவாளங்கள். சக்கரம் ஓட இரண்டு, மின்சாரத்துக்கு இரண்டு. வெளிப்பக்கத்தில் ஒன்று, நட்டநடுவில் ஒன்று. வழக்கமான அமைப்பில் வெளித் தண்டவாளம் +420 வோல்ட், நடுத் தண்டவாளம் −210 வோல்ட். ஆக மொத்தம் 630. உலகின் பெரும்பாலான மெட்ரோக்களில் மூன்றாவது தண்டவாளமோ மேலே ஒரு கம்பியோ போதும்; சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும். இவர்களுக்கு மட்டும் என்ன வந்தது?

இங்கே சுரங்கச் சுவரே வார்ப்பிரும்பு. பக்கத்திலேயே நகரத்துத் தண்ணீர்க் குழாய், காஸ் குழாய். ஓடும் தண்டவாளம் வழியாக மின்சாரம் திரும்பினால் அதில் ஒரு பகுதி இந்த இரும்பில் கசியும். கசியும் டி.சி. மின்சாரம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். நம் கெமிஸ்ட்ரி லேப் மின்னாற்பகுப்புதான், ஆனால் நகரத்துக் குழாயில்! இதனால் திரும்பும் மின்சாரத்தின் வோல்டேஜ் இழப்பு 7 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று அரசு விதி இருந்தது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, திரும்பி வர தனியாக ஒரு தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1905-இல் டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன் தடங்கள் மின்மயமானபோது வந்த இந்த முறை இன்றுவரை நீடிக்கிறது.

இதில் ஒரு உபரி லாபமும் கிடைத்தது. ஓடும் தண்டவாளங்களில் இழுவை மின்சாரம் இல்லாததால் அவற்றை சிக்னலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் கொடுத்து வைப்பார்கள். ரயில் வந்ததும் அதன் அச்சு இரண்டையும் இணைத்துவிடும். பின்னால் உள்ள சிக்னல் தானாகச் சிவப்பாகும்.

சரி, தொல்லை இல்லையா? உண்டு. பாயிண்டில் ஒரு தடம் இன்னொரு தடத்தைக் குறுக்கே கடக்கும் இடத்தில் மின்சாரத் தண்டவாளத்தைத் துண்டித்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியை ரயிலின் மற்றப் பெட்டிகளில் உள்ள காலணிகள் சமாளித்துக் கொள்ளும். காலணி என்றால் தண்டவாளத்தை உரசி மின்சாரம் எடுக்கும் இரும்புத் துண்டு. எல்லாக் காலணியும் இடைவெளியில் மாட்டும்படி ரயில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், தள்ளிவிட வேறு ரயில் வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு பாயிண்டிலும் எந்தத் துண்டு எங்கே முடிய வேண்டும் என்பது தனிக் கணக்கு.

வலது பக்கம் போகும் ரயில்கள்

சென்ட்ரல் லைனில் வொய்ட் சிட்டி ஸ்டேஷனில் ரயில்கள் வலது பக்கம் ஓடுகின்றன. காரணம் ஒரு பொருட்காட்சி! 1908-இல் அங்கே பிரெஞ்சு-பிரிட்டிஷ் கண்காட்சி நடந்தது. கூட்டத்தை ஏற்றிவர, வுட் லேன் என்ற இடத்துக்கு ஒரு லூப் போட்டார்கள். ரயில் அதில் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக வளைந்து திரும்பும். அப்படிச் சுற்றினால் போகும் தடம் வலது பக்கத்தில் அமையும், படம் போட்டுப் பாருங்கள். 1920-இல் தடத்தை ஈலிங் வரை நீட்டியபோது லூப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு மேம்பாலத்தில் தடங்களை இடம் மாற்றி, மறுபடி இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்காட்சி எப்போதோ முடிந்துவிட்டது. ரயில் இன்னும் அதற்காகவே வலது பக்கம் போகிறது!

யூஸ்டனில் வேறு காரணம். 1968-இல் வந்த விக்டோரியா லைன், கிங்ஸ் கிராஸுக்கும் வாரன் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே தடம் மாறி வலது பக்கம் ஓடுகிறது. யூஸ்டனில் பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் இறங்கி, நாலு எட்டு நடந்து, மறுபக்கம் நார்தர்ன் லைனின் பாங்க் கிளை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. வேடிக்கை என்னவென்றால், அங்கே இரண்டு ரயில்களின் பலகையிலும் 'தெற்கு நோக்கி' என்றிருக்கும்; ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் புறப்படும்! நான்கூட முதல் நாள் பலகையை நம்புவதா கண்ணை நம்புவதா என்று யோசித்து நின்றேன். பலகை சரிதான். ஒன்று வளைந்துபோய் அப்புறம் தெற்கே திரும்புகிறது.

கேம்டன் டவுனின் எட்டு வழிகள்

பாயிண்டுகளின் ராஜா என்றால் கேம்டன் டவுன்தான். வடக்கே இரண்டு கிளை, தெற்கே இரண்டு கிளை. எந்த வடக்குக் கிளையிலிருந்தும் எந்தத் தெற்குக் கிளைக்கும் போகலாம். அதுபோலவே திரும்பி வரலாம். இரண்டை இரண்டால் பெருக்கி, போக-வர இரண்டால் மறுபடி பெருக்குங்கள்: எட்டு வழிகள். சாதாரண ஜங்ஷனாக இருந்தால் ஒரு ரயில் குறுக்கே போக இன்னொன்று காத்திருக்க வேண்டும். இங்கே வழிகள் ஒன்றையொன்று வெவ்வேறு ஆழத்தில் கடக்கின்றன. எதிரெதிர் ரயில்கள் முட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை.

1907-இலேயே வடக்கே இரண்டு கிளைகள் இருந்தன. 1924-இல் யூஸ்டனிலிருந்து சிட்டி தடத்தைக் கொண்டுவந்து இதோடு இணைத்தார்கள். இரண்டு குழாய்கள் ஒன்று சேரும் இடத்தை எப்படிக் கட்டுவது? ஒரு ரயில் மட்டும் போகும் வட்ட வளையத்தில் ஆரம்பித்து, அடுத்து கொஞ்சம் பெரிய வளையம், அதற்கடுத்து இன்னும் பெரியது என்று படிப்படியாக அகட்டிக்கொண்டே போய், இரண்டு தடமும் அடங்கும் அளவுக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே நின்று பார்த்தால் டெலஸ்கோப் குழாய் மாதிரி தெரியும். பாயிண்டுகளை நகர்த்துவது அழுத்தக் காற்று. தடம் நெடுக ஒரு காற்றுக் குழாய் ஓடும். மின்சாரம் வால்வைத் திறக்க, காற்று பிஸ்டனைத் தள்ள, பாயிண்ட் 'டப்' என்று மாறும்.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை உண்டு. நாலு கிளையும் ஒரே முடிச்சில் வந்து விழுகின்றன. ஒரு கிளையில் ரயில் தாமதமானால் மற்ற மூன்றுக்கும் அது தொற்றிக்கொள்ளும். 1924-இல் 'எங்கிருந்தும் எங்கும் போகலாம்' என்பது வரம். ரயில்கள் நெருக்கமாக ஓடும் இந்தக் காலத்தில் அதுவே பாரம்.

லூப் போட்டவன் புத்திசாலி

ஒரு தடத்தின் முடிவில் ரயிலை எப்படித் திருப்புவது? டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய், பாயிண்ட் மாற்றித் திரும்பலாம். அல்லது லூப் போட்டுச் சுற்றி வரலாம். 1914-இல் இன்றைய எம்பேங்க்மென்ட் ஸ்டேஷனில், தேம்ஸ் நதிக்கு அடியில் போய்த் திரும்பும்படி ஒற்றைத் தட லூப் போட்டார்கள். 1926-இல் தடம் ஆற்றைத் தாண்டி கென்னிங்டன் வரை நீண்டதும் அந்த லூப்புக்கு வேலை போயிற்று. ஆனால் அதன் வளைவிலிருந்த பிளாட்பாரம் தங்கிவிட்டது. வடக்கே போகும் ரயில்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே அவ்வளவு பெரிய சந்து!

கைவிட்ட லூப்பை, போர் வரும் என்ற அச்சத்தில் 1938-இல் அடைத்தார்கள். 1940-இல் ஜெர்மன் குண்டு அந்தப் பழைய சுரங்கத்தில் விழுந்து ஆற்று நீர் உள்ளே புகுந்தது. அடைப்பு தாங்கியது. பயன்படாத சுரங்கம்தானே என்று விட்டிருந்தால், ஓடிக்கொண்டிருந்த தடத்துக்குள் தேம்ஸ் நதி நுழைந்திருக்கும்.

கென்னிங்டனிலும் 1926-இல் ஒரு லூப் போட்டார்கள். சேரிங் கிராஸ் வழியாக வரும் ரயில் பயணிகளை இறக்கிவிட்டு, இருட்டில் சக்கரங்கள் கிறீச்சிட ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கு பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். டிரைவர் இருக்கையைவிட்டு எழ வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ரயில் முன்பின்னாகத் திரும்பிவிடுவதால், சக்கரத் தேய்மானமும் இரு பக்கத்துக்கும் பங்காகும்.

முட்டுச் சந்து

இனி எழுதப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. லூப் இல்லாத முடிவு ஒன்று இருந்தது: மூர்கேட் ஸ்டேஷனின் 9-ஆம் பிளாட்பாரம். 1904-இல் திறந்த கிரேட் நார்தர்ன் அண்ட் சிட்டி ரயில்வேயின் தென்முனை. அதை லோத்பரி வரை நீட்டுவதாக இருந்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே பிளாட்பாரத்தைத் தாண்டிச் சுமார் 20 மீட்டர் சுரங்கம். அதில் மணல் குவியல், ஒரு பஃபர், அப்புறம் சுவர்.

1975-ஆம் ஆண்டு பிப்ரவரி 28, காலை 8.46. அலுவலகக் கூட்டத்தோடு வந்த ஆறு பெட்டி ரயில் வேகம் குறையாமல் பிளாட்பாரத்தைக் கடந்தது. மணலைப் பிளந்து சுவரில் மோதியது. சுமார் 16 மீட்டர் நீளமுள்ள முதல் பெட்டி 6 மீட்டராக நசுங்கியது. டிரைவரையும் சேர்த்து 43 பேர் இறந்தார்கள். 74 பேர் காயமடைந்தார்கள். கடைசி உடலை எடுக்க நாட்கள் ஆயின.

ரயிலில் கோளாறு இல்லை. பிரேக் சரியாக இருந்தது. டிரைவரின் கை கைப்பிடியிலேயே இருந்தது. கையை எடுத்தால் பிரேக் விழும் கைப்பிடி அது, அவர் எடுக்கவில்லை. ஏன் என்பதற்கு விசாரணையில் விடை கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

ஆனால் பொறியாளனுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு மனிதர், ஏதோ ஒரு காரணத்தால், பிரேக் போடவில்லை என்றால் அடுத்து யார் தடுப்பது? அந்த முட்டுச் சந்தில் அதற்கு ஏற்பாடு இல்லை. 71 வருடங்களாக டிரைவர்கள் ஒவ்வொருவரும் சரியாக நிறுத்தினார்கள். அதுவே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. விபத்துக்குப் பின் இத்தகைய முனைகளில் புது ஏற்பாடு வந்தது. ரயில் வேகம் குறைத்து வந்தால்தான் சிக்னல் வழிவிடும். மீறினால் தண்டவாளத்தின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் இரும்புக் கை, ரயிலின் அடியிலுள்ள வால்வைத் தட்டிவிடும். பிரேக் தானாக விழும். சிவப்பு சிக்னலைத் தாண்டும் ரயிலை நிறுத்த அந்த இரும்புக் கை பல்லாண்டுகளாகவே இருந்தது. தடம் முடியும் இடத்தில் வேகத்தை அளக்க அதைப் பயன்படுத்தலாம் என்று தோன்ற 43 உயிர்கள் போகவேண்டியிருந்தது.

கேள்வியையும் எழுதி வையுங்கள்

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, நார்தர்ன் லைனில் பாட்டர்சீ வரை புதுக் கிளை திறந்தார்கள். எங்கிருந்து பிரிகிறது தெரியுமா? 1926-இல் ரயில் திருப்பப் போட்ட அதே கென்னிங்டன் லூப்பிலிருந்து! ரயில் ஓடும் பழைய குழாயைச் சுற்றிப் பெரிய குகை வெட்டி, பழைய வார்ப்பிரும்பைப் பிரித்து, புதுப் பாயிண்டுகளைப் பொருத்தினார்கள். 95 வருடத்துக்கு முன் லூப்பை வரைந்தவர் பாட்டர்சீயை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் போட்ட வளைவு ஒரு புதுத் தடத்துக்கு வாசலாயிற்று.

இந்தக் கோணல்கள் எல்லாமே ஒரு காலத்துக் கேள்விக்கு அன்றைய சரியான விடைகள். தெருவுக்கு அடியில் போக வேண்டும், கரண்டை மிச்சம் பிடிக்க வேண்டும், குழாய் அரிக்கக்கூடாது, கண்காட்சிக்குக் கூட்டம் வர வேண்டும். கேள்வி போய்விடுகிறது, விடை மட்டும் இரும்பாக மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. பின்னால் வருபவர் அதை இயற்கை அமைப்பு என்றே நினைத்துவிடுகிறார். கேட்காமல் விட்ட கேள்வியும் அப்படித்தான் தங்கிவிடும். மூர்கேட்டில் நடந்தது அதுதான்.

சென்னையிலும் 2017 மே மாதம் முதல் பாதாள ரயில் ஓடுகிறது. நம் கல்லூரியிலிருந்து போகும் தம்பி, தங்கைகள் பலர் இனி சுரங்கத்திலும் பாலத்திலும் வேலை பார்ப்பார்கள். அவர்களிடம் இந்த அண்ணன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். டிராயிங்கில் ஒரு வளைவு போட்டால், ஒரு பாயிண்ட் வைத்தால், ஓரத்தில் ரெண்டு வரி எழுதுங்கள்: ஏன் இங்கே, ஏன் இப்படி, எது மாறினால் இதை மாற்றலாம் என்று. அளவு எல்லா டிராயிங்கிலும் இருக்கும். காரணம் இருக்காது. அந்த ரெண்டு வரியைத் தேடி 50 வருடம் கழித்து ஒருவர் உங்கள் ஷீட்டைப் பிரிப்பார்.



– சிவில் பிரிவு, 2009